ஏட்டய்யா முன்னால் உட்கார்ந்தவர்கள்

ராஜபாளையத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால், அவருக்கென்று மூன்று வேலைகளைத் தெருக்காரர்களே ஒதுக்கி வைத்திருப்பார்கள். கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடலாம், நாய்க்குட்டி வளர்த்து விற்கலாம், இல்லையென்றால் இடம் பார்த்துக் கொடுக்கும் புரோக்கர் ஆகலாம். ஆவுடையப்பன் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வாட்டர்கலரில் மனிதர்களின் முகம் வரையப் பழகப் போனார். தெரு அதை நம்ப இரண்டு மாதம் ஆனது. யாரையோ பிடிக்க மாறுவேடத்தில் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முப்பத்தாறு வருடம் போலீஸில் இருந்தவர். கடைசி ஐந்து வருடம் சிறப்பு எஸ்.ஐ. ஆனால் ஏட்டாக இருந்த காலத்தில் ஊர் வாயில் ஒட்டிக்கொண்ட 'ஏட்டய்யா', தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகும் இறங்கவில்லை. ஒருமுறை மளிகைக்கடை முத்துப்பாண்டியிடம், "இப்ப நான் எஸ்.ஐ." என்று சொல்லிப் பார்த்தார். "ரொம்பச் சந்தோசம் ஏட்டய்யா" என்றார் முத்துப்பாண்டி. அதோடு அந்த முயற்சியைக் கைவிட்டார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "மனசுக்குப் பிடிச்ச எதையாவது செய்யுங்க" என்றார். தனக்கு என்ன பிடிக்கும் என்று ஏட்டய்யா ஒரு வாரம் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவன் தாளில் தண்ணீரைத் தடவி, பழுப்பு நிறத்தில் நாலு சொட்டு விட்டான். விட்டதும் ஒரு கன்னம் வந்தது, மூக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் ஒரு ஆளே வந்து உட்கார்ந்து பார்த்தான். ஏட்டய்யா அதைப் பதினோரு தடவை பார்த்தார். ஸ்டேஷனில் காலமெல்லாம் முகங்களையே பார்த்தவர் அல்லவா, இது நமக்கு ஜுஜுபி என்று தோன்றிவிட்டது.

வெளியே சொன்ன காரணம் இதுதான், பிரஷரும் டாக்டரும். உள்ளே வேறொரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வேலையில் இருந்தவரை அவர் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் இருந்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த நேரத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பரிபூரணம், பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு, கொல்லைப்பக்கமாக வந்து அவர் மனைவி அழகுத்தாயோடு உட்காருவாள். முதல் நாள் ஏட்டய்யா கட்டிலில் படுத்திருந்தபோது கொல்லையில் யாரோ சிரித்தார்கள். மூக்கில் ஒரு 'குர்'ரென்ற சத்தத்தோடு ஆரம்பித்து, மேலே ஏறி, மூச்சு முட்டி, செத்த நேரம் சத்தமே இல்லாமல் போய், மறுபடி வெடிக்கிற சிரிப்பு. யாரோ விருந்தாள் வந்திருக்கிறது போல என்று எழுந்து போய்ப் பார்த்தார். விருந்தாள் யாரும் இல்லை. அழகுத்தாய்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "என்ன வேணும்? காப்பி போடவா?" என்றாள். சிரித்த சுவடே முகத்தில் இல்லை.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். இந்தச் சிரிப்பை அவர் நேரில் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பிறகு தினமும் நாலு மணிக்குப் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். கேட்கக் கேட்க அதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்தது. ஆனால் பெண்டாட்டியிடம் போய், 'எனக்கு முன்னால் ஒருதரம் சிரி' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. படம் வரைவதென்றால் சங்கதியே வேறு. எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஏட்டய்யா வாட்டர்கலருக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறுதோறும் வகுப்பு. கீழே சோலைச்சாமியின் டீக்கடை, அதை ஒட்டிப் பால்கோவா கிண்டுகிற அடுப்படி. பால் சுண்டுகிற வாசனைக்கு நடுவில்தான் மேலே எல்லோரும் மூக்கு வரைவார்கள். சொல்லிக் கொடுப்பது பானுப்பிரியா. இருபத்தெட்டு வயது, வன்னியம்பட்டிக்காரி, வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஏட்டய்யா முதல் நாள் படியேறி வந்தபோது அவள் பதறிப்போய், "சார், பக்கத்துல யாராச்சும் கம்ப்ளைண்ட் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள். படம் பழக வந்திருப்பதாக அவர் சொன்னதும் இன்னும் பதறினாள். உள்ளே இருந்த பிள்ளைகள் பதினைந்து பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

முதல் மூன்று மாதம் தண்ணீருக்கும் ஏட்டய்யாவுக்கும் பெரிய தகராறு. நில் என்றால் நிற்காத ஒன்றை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. கன்னத்தில் வைத்த நிறம் கண்ணுக்குள் போனது, தலைமுடி நெற்றியில் இறங்கியது. எண்ணெய் வர்ணம்போல மேலே வெள்ளையைப் பூசித் தப்பை மறைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான், வேண்டிய இடத்தில் அதைத் தொடாமல் விட்டுவைக்கவேண்டும். வெளிர் நிறம் முதலில், அது காய்ந்த பிறகு அடுத்தது, அதுவும் காய்ந்த பிறகு அடர்த்தியானது. காயும்வரை காத்திருக்கவேண்டும். ஏட்டய்யாவுக்கு மற்றவர்களைக் காக்கவைத்துத்தான் பழக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகத் தாள் சரியில்லை என்றார், பிரஷ் சரியில்லை என்றார், ஒரு ஞாயிறு கீழே கிண்டுகிற பால்கோவாவின் ஆவிதான் தாளைக் காயவிடாமல் செய்கிறது என்றுகூடச் சொன்னார். பரிபூரணம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பேண்டேஜ் துணித் துண்டுகள்தான் அவரைக் காப்பாற்றின. வழிந்த நிறத்தை ஒற்றி எடுக்க அதைவிட நல்ல துணி கிடையாது.

அவர் செய்த பெரிய தப்பு வேறு. அதைப் போலீஸ்காரரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஒரு ஞாயிறு அவர் வரைவதைப் பானுப்பிரியா எட்டிப் பார்த்தாள். வெள்ளைத்தாளில் இரண்டு மச்சமும், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பும் மட்டும் அச்சடித்ததுபோல் இருந்தன.

"சார், முகம் எங்க?"

"அது பொறவு வரும். மொதல்ல அங்க அடையாளத்தக் குறிச்சிரணும்லம்மா."

அது மளிகைக்கடை முத்துப்பாண்டியின் படம். அடையாளங்களைச் சுற்றி முகத்தை எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்துவிட்டு, கை பழக்கத்தில், கீழே பெயர், தகப்பனார் பெயர், வயது, உயரம் எல்லாம் எழுதினார். நிறம் மாநிறம் என்றும் எழுதியிருந்தார், ஏற்கெனவே வர்ணம் அடித்திருக்கிறோம் என்பது ஞாபகமில்லாமல். முத்துப்பாண்டி அந்தப் படத்தை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் திருப்பி வைத்தார். வாசலில் மாட்டினால் கடைக்கு வருகிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். ஒரு வருடத்துக்குள் மச்சத்தைக் கடைசிக்குத் தள்ளப் பழகினார், மூக்கு மூக்காக வந்தது, கறுத்த தோலில் விழும் வெயிலுக்கு நீலம் கொஞ்சம் சேர்க்கவேண்டும் என்றுகூடக் கண்டுபிடித்தார். இன்னார் படம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். ஒரே ஒரு குறைதான். வரைந்த எல்லாருடைய முகத்திலும் ஒரே பார்வை. கண்கள் கொஞ்சம் விரிந்து, உதடு ஒட்டி, தாடை இறுகி, 'நான் இல்லை சார்' என்று சொல்ல வாயெடுத்த மாதிரி. கண் வரைவதில்தான் தப்பு என்று முடிவு செய்த ஏட்டய்யா ஒரு மாதம் வெறும் கண்ணாக வரைந்து தள்ளினார். டைரியைத் திறந்தால் பக்கத்துக்கு எட்டுக் கண் அவரையே முழித்துப் பார்த்தன.

அந்தச் சமயத்தில்தான் பானுப்பிரியா அறிவித்தாள். ஆடிப்பூரத் தேர் முடிந்து அடுத்த ஞாயிறு ஹாலில் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். அது அவரவர் வீட்டு ஆள் ஒருவரின் முகமாக இருக்கவேண்டும், வரையப்பட்டவரும் அன்றைக்கு வந்து படத்தின் பக்கத்தில் நிற்கவேண்டும்.

ஏட்டய்யாவுக்கு ஆறு வாரம் இருந்தது. அந்தச் சிரிப்பை வரைந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"அழகு, செத்த நேரம் உக்காரு. ஒன்னைய வரையணும்."

"என்னையவா?" அழகுத்தாய் கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள். "நான் என்ன செஞ்சேன்?"

பட்டுச்சேலை மாற்றி, பவுடர் போட்டு, நாற்காலியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். கை இரண்டும் முழங்கால் மேல். ஏட்டய்யா தாளை நனைத்துவிட்டு, "சிரி" என்றார். அவள் உதட்டை மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள். ஆதார் கார்டுக்குப் படம் எடுத்தபோதுகூட இதைவிட நன்றாகச் சிரித்திருந்தாள்.

"இப்படி இல்ல. நல்லாச் சிரி."

"இதுக்கு மேல எப்படிச் சிரிக்க? எனக்கு வரல."

சரி, சிரிப்பு வரும்படி எதையாவது சொல்வோம் என்று, சேத்தூரில் ஒருவன் ஆடு திருடிய கதையைச் சொன்னார். ஸ்டேஷனில் அதைச் சொன்னால் எல்லோரும் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். கதை முடிவில் அவன் உண்மையை ஒப்புக்கொள்கிற இடம் வந்ததும் அழகுத்தாய், "பாவம், அவனுக்கு எம்புட்டுப் பிள்ளைக?" என்று கேட்டாள். ஸ்டேஷனில் சிரித்தவர்கள் எல்லோருமே தன்னைவிடக் கீழே வேலை பார்த்தவர்கள் என்பது ஏட்டய்யாவுக்கு லேசாக ஞாபகம் வந்தது.

படம் முடிந்ததும் அவளிடம் காட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்ல முடியாது, அசப்பில் அழகுத்தாயேதான். கண்தான் வழக்கம்போல.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். அவர் மனம் நோகக்கூடாதே என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காணாமப்போனவுக படம் பேப்பர்ல போடுவாகல்ல, அப்படியே இருக்கு" என்றாள்.

நேரே கேட்டால் கிடைக்காத தகவலை மறைந்திருந்து எடுக்கவேண்டும், இதுவும் தொழில் பாடம்தான். மறுநாள் நாலு மணிக்கு முன்பே ஏட்டய்யா சின்ன ஸ்கெட்ச் நோட்டோடு குளியலறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். பரிபூரணம் வந்தாள். பேச்சு ஆரம்பித்தது. அழகுத்தாய்க்கு மூக்கில் 'குர்' என்று வந்தது. ஏட்டய்யா மெதுவாகத் தலையை நீட்டினார். அவருக்கு முன்னால் அவருடைய நிழல் நீண்டுவிட்டது, அதுவும் மீசையோடு.

"யக்கா, ஏட்டய்யா நிக்காக" என்றாள் பரிபூரணம் தாழ்ந்த குரலில்.

சிரிப்பு சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது. ஏட்டய்யா ஏதோ தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்ததுபோல் அதைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போனார். மறுநாள் பரிபூரணம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "நாம பேசுறத அவிய எதுக்கு எழுதி எடுக்காக?" என்று அழகுத்தாயிடம் வேலிப்பக்கம் கேட்டிருக்கிறாள். தன்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று அழகுத்தாய் அவரிடம் சொன்னாள், குற்றம் சாட்டாமல், சாம்பார் ஊற்றிக்கொண்டே.

நாலு மணி வெறும் நாலு மணியாகிப் போனது. பார்க்க ஆசைப்பட்டுக் கேட்பதையும் கெடுத்துக்கொண்டோமே என்று ஏட்டய்யா கட்டிலில் கிடந்து உத்தரத்தைப் பார்த்தார். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, இரண்டு வாரம் வீடு அப்படி இருந்தது. அவருக்கு அது தாங்கவில்லை.

தேருக்கு முந்தைய ஞாயிறு, வகுப்புக்கு மாடலாகக் கீழே இருந்து டீக்கடை சோலைச்சாமியை அழைத்து வந்து நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள் பானுப்பிரியா. சுற்றிவர எல்லோரும் உட்கார்ந்து வரைந்தார்கள். சோலைச்சாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு, அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு கண்சிமிட்டல் என்று சொந்த மாமன் வீட்டில் இருப்பவர்போல் இருந்தார். முடிந்ததும் பானுப்பிரியா எல்லாப் படத்தையும் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். பதினைந்து படத்தில் சோலைச்சாமி சிரித்தார். மூக்கு கோணலாகவும் காது பெரிதாகவும் சிரித்தார். பதினாறாவது படத்தில் மூக்கும் காதும் அச்சு அசலாக இருந்தன, மனிதர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா, கண்ணு மறுபடியும் தப்பாப் போச்சு" என்றார் ஏட்டய்யா.

 பானுப்பிரியா பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "சார், நான் இத முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்கும் பயம்தான். ஒங்க கண்ணு தப்பே இல்ல. இருக்குறத அப்படியே வரஞ்சிருக்கீங்க. அவரு ஒங்க பக்கம் திரும்புறப்பல்லாம் கால எறக்கிட்டு நிமிந்து உக்காந்தாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

 ஏட்டய்யா கீழே இறங்கிப் போனார். சோலைச்சாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ஒனக்கு என்னையப் பாத்தா பயமா?"

"பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீக" என்று சிரித்த சோலைச்சாமி, சிரித்துக்கொண்டே மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். பிறகு டீயைக் கொடுத்துவிட்டு, பழைய கதைதானே என்ற தைரியத்தில் சொன்னார். "சைக்கிள்ல லைட் இல்லன்னு ஒருநா ரெண்டு தட்டு தட்டுனீக. ஆச்சு, இருவத்தஞ்சு வருசம். அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன்."

ஏட்டய்யா எவ்வளவு யோசித்தும் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. அடித்தவர் சுத்தமாக மறந்திருக்கிறார், அடிபட்டவர் மறந்துவிட்டேன் என்று வருடக்கணக்கோடு சொல்கிறார்.  இத்தனை நாளும் வரைந்த படங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. முத்துப்பாண்டி, தெருமுனை அயர்ன்காரர், கரண்ட் பில் எடுக்க வந்தவர், கடைசியில் அழகுத்தாய். அவளை அவர் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதைப் பெருமையாகவே நினைத்து வந்தவர். ஆனாலும் அவளும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தமாக இருந்தது.

மறுபடி மேலே போய்ப் பானுப்பிரியாவிடம், "இப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டார். முப்பத்தாறு வருட சர்வீஸில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

"யாருக்காச்சும் முன்னாடி நீங்க மாடலா உக்காந்திருக்கீங்களா சார்?"

"நானா? எதுக்கு?"

"உக்காந்து பாருங்க. வீட்ல அம்மாவ வரையச் சொல்லுங்க."

"அவளுக்குக் கோலம்தான் போடத் தெரியும்."

"அது போதும் சார்" என்றாள் பானுப்பிரியா.

தேர் நிலைக்கு வந்தது. ஊரெல்லாம் ஓய்ந்தது. ஏட்டய்யா ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து, அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்ததும், "மோர் இருக்கா?" என்று கேட்டார். அந்த வாரம் அவர் குடித்த மோருக்குக் கணக்கில்லை. கண்காட்சிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை சாயங்காலம்தான், கொல்லையில் பலகை, தாள், வர்ணம், தண்ணீர் எல்லாவற்றையும் அவளுக்கு முன்னால் பரப்பிவைத்துவிட்டு, எதிரே முக்காலியில் தான் போய் உட்கார்ந்தார்.

"நீ என்னைய வரை."

"ஒங்களுக்கு என்ன, உடம்புக்கு ஆகலையா?"

"வீட்டுப்பாடம். டீச்சர் சொல்லியிருக்கு."

டீச்சர் சொல்லிவிட்டது என்றதும் அழகுத்தாய் மறுபேச்சுப் பேசவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்தபடி ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தாள். புள்ளிகளைச் சுற்றி வளைத்து ஒரு முகம் போட்டாள். இரண்டு புள்ளி கண், ஒரு புள்ளி மூக்கு. மீசைக்கு மட்டும் தனியாக ஒரு சிக்குக்கோலம். அவரைப் பார்ப்பாள், குனிந்து ஒரு இழுப்பு இழுப்பாள், மறுபடி பார்ப்பாள். அவர் தலையை லேசாக ஆட்டியபோது, "ஆடாதீக, மூக்கு விலகுது" என்றாள். சொன்ன பிறகு, தானா சொன்னோம் என்பதுபோல் பிரஷைக் கடித்துக்கொண்டாள். ஏட்டய்யா ஆடாமல் இருந்தார். ஒருவர் நம்மை இப்படி உற்றுப் பார்க்கும்போது கையை எங்கே வைப்பது என்பதே தெரியாது போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. வியர்த்தது.

அடுத்து நிறம். வாசலுக்குத் தெளிக்கிற கைக்குச் சொட்டுக் கணக்கு தெரியுமா? தாள் மினுமினுக்க நன்றாகத் தண்ணீர் விட்டு, அது காயும் முன்பே கறுப்பைத் தோய்த்து மீசையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், மீசை புறப்பட்டது. வலதுபக்கம் கன்னத்தில் ஏறிக் காதுவரை போனது, இடதுபக்கம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போகப் பார்த்தது. அழகுத்தாய் கை நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்கள் விரிந்து, உதடு ஒட்டியிருந்தது.

அந்தப் பார்வையை ஏட்டய்யா இத்தனை தாளில் வரைந்திருக்கிறார், இப்போதுதான் பார்த்தார்.  அந்தப் பயத்தை எப்படியாவது இறக்கிவிடவேண்டும், ஆனால் எப்படி என்று தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார், முடிந்தவரை தணிந்த குரலில்.

"மீசை..." என்றாள் அவள். "மீசை டிரான்ஸ்பராகிப் போவுது."

"எந்த ஸ்டேஷனுக்கு?"

அவர் கேட்டது பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அழகுத்தாய் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். மூக்கில் 'குர்' என்று ஒரு சத்தம் வந்தது. அவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேலே ஏறி, மூச்சு முட்டி, சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கி, பிறகு வெடித்துக்கொண்டு வந்தது.

சிரிக்கும்போது அவளுக்குக் கண்ணே இருப்பதில்லை. இரண்டு கோடுகள்தான். கையால் தொடையில் தட்டுகிறாள், பிரஷிலிருந்து கறுப்பு நாலாபக்கமும் தெறிக்கிறது. வாய் முழுதாகத் திறந்தபோது மேல்வரிசையில், உள்ளே தள்ளி, ஒரு கடைவாய்ப்பல் இல்லாதது தெரிந்தது. அது எப்போது போனது? யார் கூட்டிப்போய் எடுத்து வந்தார்கள்? அன்றைக்குத் தான் எந்த ஊரில் எந்தப் பந்தோபஸ்தில் நின்றுகொண்டிருந்தோம்? ஏட்டய்யாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் கலங்கியது. வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெயில் முதுகுப்பக்கம் இருந்தது.

கையெட்டும் தூரத்தில் இன்னொரு தாள் கிடந்தது. பென்சிலும் இருந்தது. விடிந்தால் கண்காட்சி. இதற்காகத்தான் ஒன்றரை வருடம் பஸ் ஏறினார். எட்டி எடுத்தால் போதும், நாலு கோட்டில் பிடித்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் கையை நீட்டினால் அவள் பார்ப்பாள், பார்த்தால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

சத்தம் கேட்டு வேலிக்கு மேலே பரிபூரணத்தின் தலை தெரிந்தது. "என்னக்கா?" என்றவள் ஏட்டய்யாவைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்க வா. வந்து அவிய மீசையப் பாரு" என்றாள் அழகுத்தாய், மூச்சு வாங்கியபடி.

பரிபூரணம் தயங்கித் தயங்கி வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இரண்டு பேர் சிரிப்பு. முக்காலியின் விளிம்பு தொடையில் அழுத்தியதில் ஏட்டய்யாவின் இடது கால் மரத்துப்போயிருந்தது. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அவர் விரட்டவில்லை.

எந்தச் சிரிப்பும் ஓயத்தானே வேண்டும். பரிபூரணம் முதலில் அடங்கினாள். அழகுத்தாயும் மெல்ல மெல்ல இறங்கி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, பேண்டேஜ் துணியால் கண்ணைத் துடைத்தாள். பிரஷைக் கழுவிவைக்கத் தண்ணீரை எடுத்தாள். ஏட்டய்யாவுக்குப் பதைத்துப்போயிற்று.

"இன்னும் காது போடலையே" என்றார் அவசரமாக. "நீ மெதுவாப் போடு. நான் ஆடமாட்டேன்."